‘பென்ச்சன்ட்’: பொருளிலும் பயன்பாட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை விண்ணப்பத்தில் ‘ஐ ஹேவ் எ பென்ச்சன்ட் (penchant) ஃபார் கோடிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர், நிரல் எழுதுவதில் தாம் கெட்டிக்காரர் என்று சொல்வதாக நினைத்துக்கொள்கிறார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் திறமையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்த வேலையில் நாட்டம் உண்டு என்பது மட்டுமே இருக்கிறது. திறமையைச் சொல்ல ‘ஃபிளேர்’, ‘டேலன்ட்’ போன்ற சொற்கள் வேண்டும். தினமும் பாடுகிறவருக்குப் பாட்டில் பென்ச்சன்ட் இருக்கலாம், குரல் எப்படியிருந்தாலும்.

பிரெஞ்சில் ‘பான்ஷே’ என்றால் சாய்தல். அதன் நிகழ்காலப் பெயரெச்சம்தான் இந்தச் சொல்: சாய்கிற, சாய்ந்திருக்கிற. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்துக்குப் பிரெஞ்சில் பெயர் ‘லா தூர் பான்ஷே’. கோபுரத்தின் சாய்வு மனத்தின் சாய்வுக்கும் ஆகிவந்து, 1670-களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1660-இல் அரியணை ஏறியபின் லண்டன் அரசவையில் பிரெஞ்சுச் சொற்களுக்கு மவுசு கூடியிருந்த காலம் அது.

எழுத்துகளைப் பார்த்து ‘பென்’, ‘சான்ட்’ என இரண்டாகப் பிளந்து, எழுதுகோலோடும் மந்திர ஓதலோடும் முடிச்சுப் போடுவது வெறும் ஊகம். வேர், தொங்குதலைக் குறிக்கும் ‘பெண்டேரே’ என்ற லத்தீன் வினை. கழுத்துச் சங்கிலியின் ‘பென்டன்ட்’, கடிகாரத்தின் ‘பெண்டுலம்’ எல்லாம் இதன் உறவுகள்.

உச்சரிப்பில் இரண்டு வழி உண்டு. அமெரிக்கர்கள் முதல் அசையை அழுத்தி ‘பென்ச்சன்ட்’ என்பார்கள். பிரிட்டனில் பிரெஞ்சை ஒட்டிய ‘பான்ஷான்’ அதிகம் கேட்கும். அங்கே கடைசி ‘டி’க்கு ஒலியே கிடையாது, இரண்டு ‘ன்’களிலும் நாக்கு அண்ணத்தைத் தொடாது, உயிரொலியே மூக்கு வழியாக வரும். தமிழருக்கு இது கடினமில்லை. பேச்சில் ‘மரம்’, ‘அவன்’ என்பவற்றின் கடைசி மெய்யை நாம் மூக்கொலியாகக் கரைத்துவிடுகிறோமே, அதே வேலைதான். இரண்டில் எதையும் பேசலாம். முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி அமெரிக்கம் என்று கலந்தால்தான் இடிக்கும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் முன்னிடைச்சொல். ‘இனிப்பில் நாட்டம்’, ‘இனிப்பின் மேல் ஆசை’ என்ற பழக்கத்தில் ‘இன்’, ‘ஆன்’ வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃபார்’ ஒன்றே இயல்பு: ‘எ பென்ச்சன்ட் ஃபார் ஸ்வீட்ஸ்’. பின்னால் வினை வந்தால் ‘டு ஈட்’ அல்ல, ‘ஃபார் ஈட்டிங்’. ஆங்கிலத்தில் இது பெயர்ச்சொல் மட்டுமே. ‘ஷி இஸ் பென்ச்சன்ட்’ என்பது பிழை, ‘ஷி ஹேஸ் எ பென்ச்சன்ட்’ என்பதே சரி. ‘ஸ்ட்ராங்’ என்ற அடைமொழியைத் தவறென்று சொல்ல முடியாது, ஆனால் வலுவான விருப்பம் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் பெரும்பாலும் வீண்.

இப்போதைய ஆசைக்கும் இது பொருந்தாது. மாலையில் ஒரு காபி குடித்தால் தேவலை என்று தோன்றுவது பென்ச்சன்ட் ஆகாது. வருடக்கணக்காகக் காபியையே தேடிப் போவதுதான் ஆகும். மிகைப்படுத்திப் பேசுவது, தாமதமாக வருவது போன்ற குணங்களுக்கும் இதைச் சொல்வார்கள், அப்போது லேசான கிண்டல் தொனிக்கும். ஆகவே பரிந்துரைக் கடிதத்தில் ‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் எது வருகிறது என்று பார்த்து எழுத வேண்டும்.

விருப்பமே இல்லாத போக்குக்கு வேறு சொல் இருக்கிறது. அடிக்கடி சளி பிடிக்கும் உடம்புவாகு ‘ப்ரொபென்சிட்டி’. நெடுஞ்சாலையாகப் பார்த்து நின்றுபோகும் காருக்குப் ‘பென்ச்சன்ட்’ உண்டு என்று வேடிக்கையாக எழுதலாம். மருத்துவ அறிக்கையில் எழுதினால், நோயாளி சளியை விரும்பி வரவழைத்துக்கொள்கிறார் என்று ஆகிவிடும்.