வெபினார் பார்த்து லேப் வேலை கற்றுக்கொள்வது எப்படி?

ஒன்றரை மணி நேரம் வெபினார் பார்த்துவிட்டுச் சான்றிதழை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் மட்டும் பிபெட் (திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடிக்க வந்துவிடாது. நானும் அப்படி நிறைய சேர்த்து வைத்தவன்தான். கை பழகினால்தான் வேலை வரும், ஆனால் கையை எதில் பழக்க வேண்டும் என்பதை நல்ல வெபினார் காட்டிக்கொடுக்கும்.

முதலில் தேர்வு. "மூலக்கூறு உயிரியல் அறிமுகம்" மாதிரிப் பெரிய தலைப்புகளை விட்டுவிடுங்கள். ஜெல்லில் (டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் கூழ்) பட்டை ஏன் இழுபடுகிறது, பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு பிரதி எடுக்கும் முறை) ஏன் எதுவும் வரவில்லை என்று ஒரே ஒரு சிக்கலைப் பிடித்துப் பேசுவதைத் தேடுங்கள். கருவி விற்கும் கம்பெனிகள் நடத்துவதில் கடைசிக் கால் மணி நேரம் விளம்பரமாகப் போகலாம், பரவாயில்லை, அதற்கு முன்னால் பேசுபவர் பல வருடம் அதே கருவியோடு மல்லுக்கட்டியவராக இருந்தால் பார்க்கலாம்.

பார்க்கும்போது ஸ்லைடை அப்படியே எழுதாதீர்கள், அதை எப்படியும் பிடிஎஃப்பாகக் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் எழுத வேண்டியது எண்களும், அவர் போகிற போக்கில் சொல்லும் "இங்கே கொஞ்சம் பொறுங்கள்" போன்ற பேச்சும். எண் அரைகுறையாக வந்தால் உடனே சாட்டில் கேளுங்கள். உதாரணத்துக்கு, குழாய்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜில் "10,000 ஆர்பிஎம்மில் சுற்றுங்கள்" என்பார்கள். ஆர்பிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, ஜி என்பது குழாயில் விழும் விசை புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்பது. 10 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் (குழாய்கள் வைத்துச் சுழலும் பகுதி) அது சுமார் 11,180 ஜி, 7 செ.மீ. ரோட்டரில் சுமார் 7,830 ஜி தான். அதனால் ரோட்டரின் ஆரம் என்ன, ஜி மதிப்பு என்ன என்று கேட்காமல் விடாதீர்கள். கேள்வி நேரத்தில் பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள், ஆனால் யாருக்கு எது சொதப்பியது என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

அப்புறம் செய்துபார்ப்பது. பார்த்த இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் குறிப்பு வெறும் காகிதமாகிவிடும். பிபெட்டையே எடுத்துக்கொள்வோம். 100 மைக்ரோலிட்டர் வைத்து, தண்ணீரை எடுத்து, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் பத்து முறை விட்டு எடை பாருங்கள். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் வர வேண்டும். ஒரு முறை 94, அடுத்த முறை 105 என்று எகிறினால் பெரும்பாலும் உங்கள் கைதான் காரணம். பத்தும் ஒன்றுபோல 96 என்று வந்தால் பிபெட்டின் அளவீட்டைச் சந்தேகப்படலாம். எல்லாமே கூடுதலாக வந்தால், திரவத்தை உறிஞ்சும்போது பிபெட்டின் பொத்தானை முதல் நிறுத்தத்தைத் (அழுத்தும்போது முதலில் தடுக்கும் இடம்) தாண்டி இரண்டாவது வரை அழுத்துகிறீர்களா என்று பாருங்கள், புதிதாகப் பிடிப்பவர்கள் செய்யும் தவறு இது. கிளிசரால் போன்ற கெட்டியான திரவத்துக்கு மட்டும் வேண்டுமென்றே அப்படி எடுப்பதுண்டு. இப்போது அதே வெபினாரின் ரெக்கார்டிங்கை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, பேசுபவரின் முகத்தைப் பார்க்காமல் கட்டைவிரலை மட்டும் பாருங்கள். முதல் தடவை கண்ணில் படாதது இப்போது படும்.

ஜெல் லோடிங்குக்கும் (ஜெல்லின் குழிகளில் மாதிரியை விடுவது) இதே வழிதான், மின்சாரம் கூட வேண்டாம், பழைய ஜெல்லும் லோடிங் டையும் (மாதிரியோடு கலக்கும் சாயம்) போதும்.

லேபே கையில் இல்லாதவர்கள் நீர்த்தல் கணக்கு, சென்ட்ரிஃபியூஜில் குழாய்களை எதிரெதிரே வைக்கும் முறை, சோதனையின் செய்முறையைச் சொந்த வார்த்தையில் எழுதுவது, இவற்றை முடித்து வைக்கலாம். அமிலம், தீ, கிருமி சம்பந்தப்பட்ட எதையும் வீடியோவை நம்பித் தனியாகத் தொடாதீர்கள், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்க வேண்டும்.