லைக் போட்டுத் தமிழ்ச் சொற்களைத் தேடுவது எப்படி?

தரவுத்தள டேபிளில் ஒரு நூலைத் தேடும்போது, தலைப்பு முழுசாகத் தெரிந்தால் சமக்குறி போதும். ஒரு சொல் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால் லைக் (LIKE) என்ற கட்டளைச் சொல் வேண்டும். இங்கே எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளில் செய்து பார்ப்போம். சர்வர் எதுவும் தேவையில்லை. கட்டளைச் சொற்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டேபிள் பெயரும் நெடுவரிசைப் பெயர்களும் நூல் தலைப்புகளும் தமிழிலேயே இருக்கலாம்.

படி 1: டேபிள்

கிரியேட் டேபிள் நூல்கள் (எண் இன்டிஜர், தலைப்பு டெக்ஸ்ட்);

இன்சர்ட் இன்டு நூல்கள் வேல்யூஸ் (1, 'கடல் பயணம்'), (2, 'கடலில் ஒரு நாள்'), (3, 'கடலை சாகுபடி'), (4, 'நீலக் கடல்'), (5, 'காலடி ஓசை'), (6, நல்);

நல் (NULL) என்றால் அந்த இடத்தில் மதிப்பு எதுவும் இல்லை என்று பொருள்.

படி 2: சதவீதக் குறி

செலக்ட் * ஃப்ரம் நூல்கள் வேர் தலைப்பு லைக் '%கடல்%';

% இருக்கும் இடத்தில் எத்தனை எழுத்தும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். 'கடல்%' என்றால் தொடக்கத்தில் மட்டும் தேடும், '%கடல்' என்றால் முடிவில் மட்டும்.

விடையாக 1, 4 மட்டும் வரும். 'கடலில் ஒரு நாள்' எங்கே போனது? கணினிக்குக் 'கடல்' என்பது க, ட, ல, புள்ளி என நான்கு குறிகள். 'கடலில்' என்பதில் ல-வுக்குப் பின் புள்ளி இல்லை, இகரக் குறி வந்துவிட்டது. அதனால் பொருந்தவில்லை. ஆங்கிலப் பாடங்களில் இந்தச் சிக்கல் வராது. தமிழில் வேற்றுமை உருபு சேர்ந்தாலே வந்துவிடும்.

படி 3: புள்ளியை எடுத்துவிடுங்கள்

வேர் தலைப்பு லைக் '%கடல%'

இப்போது 1, 2, 3, 4 வரும். கடலையும் சேர்ந்தே வந்துவிட்டது! அதைத் தவிர்க்க 'அண்ட் தலைப்பு நாட் லைக் '%கடலை%'' என்று சேர்க்கலாம். ஆனால் நாளைக்கு 'கடலைக் கடந்தவர்கள்' என்று ஒரு நூல் வந்தால் அதுவும் விடுபடும். என்னைக் கேட்டால், தேவையில்லாத ஓரிரண்டு பதிவு கூடுதலாக வருவதே மேல்.

படி 4: அடிக்கோடு

அடிக்கோடு ஒரே ஒரு குறிக்கு நிற்கும், நாம் எண்ணுகிற ஓர் எழுத்துக்கு அல்ல. 'க_ல%' என்று தேடிப் பாருங்கள், 'காலடி ஓசை'யும் வரும். கால் குறியை அடிக்கோடு விழுங்கிவிட்டது.

படி 5: வெற்றுப் பதிவு

நாட் லைக் '%கடல%' கேட்டால் 5 மட்டும் வரும். 6 வராது, ஏனென்றால் நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை நல்தான். அதுவும் வேண்டுமென்றால் 'ஆர் தலைப்பு இஸ் நல்' என்று சேருங்கள். அண்டும் ஆரும் கலந்தால் அடைப்புக்குறி போடுங்கள், அண்டுக்குத்தான் முதல் உரிமை.

அப்புறம் வேகம். முதலிலேயே % வந்தால் சாதாரண இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) உதவாது, டேபிள் முழுவதும் படிக்கப்படும். சில ஆயிரம் பதிவுகளுக்கு அது பெரிதாகத் தெரியாது. லட்சங்களுக்குப் போனால் எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-இல் (FTS5) உள்ள டிரைகிராம் வசதியைப் பாருங்கள், அது உரையை மும்மூன்று குறிகளாகப் பிரித்து வைக்கும். 2020-இல் வந்த 3.34 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் லைக்கும் இண்டெக்ஸ் வழியே ஓடும், தேடுசொல்லில் குறைந்தது மூன்று குறிகள் இருந்தால் போதும். 'கடல' சரியாக மூன்று.