மானுக்குக் குடற்புழுவா? தீவனத்தில் பூஞ்சையைத் தூவுங்கள்

உயிரியல் பூங்காவில் மான், ஒட்டகச்சிவிங்கியெல்லாம் வருஷம் முழுக்க ஒரே அடைப்பில் மேய்கின்றன, புழுக்கை போட்ட இடத்திலேயே மறுபடி வாயை வைக்கின்றன. மருந்து கொடுத்துச் சில வாரங்களிலேயே திரும்பப் புழு ஏறிவிடுகிறது, அதிலும் ரத்தம் குடிக்கிற ஹீமான்கஸ் புழு பல இடங்களில் மருந்துக்கே மசிவதில்லை. இந்த இடத்தில்தான் டடிங்டோனியா ஃபிளாக்ரன்ஸ் என்ற பூஞ்சை கைகொடுக்கும்.

ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் புழுவை இது தொடவே தொடாது. தீவனத்தோடு உள்ளே போகும் பூஞ்சையின் தோல் தடித்த வித்துகள் (விதை மாதிரி) செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து, அங்கே முளைத்து, பசைபோல ஒட்டும் வலையைப் பின்னி, முட்டை பொரித்து நெளியும் இளம்புழுவைப் பிடித்துத் தின்னும். அதனால் முதலில் புழுக்கையில் முட்டை எண்ணிக்கை பார்த்து, மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம் பூஞ்சைக்கு வாருங்கள்.

அளவு? ஆஸ்திரேலியத் தயாரிப்பான பயோவோர்மா தூளில் கிராமுக்கு 5 லட்சம் வித்துகள், 100 கிலோ எடைக்குத் தினம் 6 கிராம். 200 கிலோ கடமானுக்கு 12 கிராம். தினமும் என்றால் தினமும்தான், வித்து குடலில் தங்காது, இரண்டு நாள் விட்டால் அந்த இரண்டு நாள் புழுக்கைக்குக் காவல் இல்லை. பொதுத் தொட்டியில் கொட்டினால் முரட்டுக் கிடாதான் எல்லாவற்றையும் தின்னும், தனித்தனியாக வையுங்கள். ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கும் மாதங்களில் கொடுத்தால் போதும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, தூவுவதற்கு முன் எடுத்த புழுக்கையை ஒரு டம்ளரிலும், தூவி நாலைந்து நாள் கழித்து எடுத்ததை இன்னொன்றிலும் லேசாக ஈரமாக்கிப் பத்து நாள் நிழலில் வைத்து, ஆய்வகத்தில் இளம்புழுவை எண்ணச் சொல்லுங்கள். மருந்து கொடுத்த கையோடு எடுத்தால் இரண்டிலும் ஒன்றும் இருக்காது, கணக்கு ஏமாற்றும்.

அஸ்காரிட் வகை உருண்டைப் புழு, சாட்டைப் புழு இவற்றின் முட்டைகள் வெளியே பொரிப்பதில்லை, டடிங்டோனியாவுக்கு அங்கே இரை கிடையாது. அதனால்தான் ஸ்பெயினின் லூகோ பகுதி ஆய்வாளர்கள் மார்செல்லே பூங்காவில் முட்டையைத் துளைக்கும் மியூகர் பூஞ்சையையும் தீவன வில்லையில் சேர்த்துப் பார்த்தார்கள். அதை நீங்களே வளர்க்கக் கிளம்பாதீர்கள், 2021-ல் நாம் பார்த்த கருப்புப் பூஞ்சையும் இந்த வகையறாதான்.

சின்னக் கூண்டு, சிமென்ட் தரை, தினம் காலையில் புழுக்கையை வாரிவிடுகிறீர்களா? உங்களுக்குத் தூளே வேண்டாம், மண்வெட்டி போதும்.