புடைத்த கால் நாளங்கள்: வீட்டில் பார்க்க வேண்டியதும் வைத்தியசாலையில் கேட்க வேண்டியதும்

கெண்டைக்காலில் நாளம் புடைத்து நெளிந்தால் எல்லோரும் அந்தப் புடைப்பையே பார்த்துப் பயப்படுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உள்பக்கக் கரண்டைக்குச் சற்று மேலே உள்ள தோலை. விரல் தடிப்பில் நாளம் நெளிந்தாலும் அந்தத் தோல் பழைய நிறத்தில், மென்மையாக இருந்தால் அவசரமில்லை. அது கறுத்து, அரித்து, அழுத்தினால் இடம் கொடுக்காமல் இறுகியிருந்தால், புடைப்பு கண்ணுக்கே தெரியாவிட்டாலும் வருத்தம் முற்றிவிட்டது, அடுத்தது புண்தான்.

காரணம் வால்வுகள். காலில் இருந்து மேலே போகும் இரத்தம் திரும்பி இறங்காமல் நாளத்துக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. அவை பழுதானால் இரத்தம் கீழே இறங்கித் தேங்கும். நிற்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் கரண்டையில்தான் விழுகிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கடைப் பிள்ளைகள், ஆசிரியர்கள், பிள்ளை பெற்ற தாய்மார், குடும்பத்தில் இந்த வருத்தம் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கூடுதலாக வரும்.

பார்க்கும் நேரம் மாலை, வேலை முடிந்த பிறகு. சாரத்தைத் தொடை வரை உயர்த்தி, மேசையைப் பிடித்தபடி இரண்டு மூன்று நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். படுத்தால் நாளம் வடிந்துவிடும், ஒன்றும் தெரியாது. டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் சிறிய மேடும் நிழலாக விழும். தொடையின் உள்பக்கத்தில் இருந்து உள்கரண்டை வரை ஓடினால் பெரும்பாலும் பெரிய சஃபீனஸ் நாளம். முழங்காலின் பின்மடிப்பில் இருந்து பின்பக்கமாக இறங்கினால் சிறிய சஃபீனஸ் நாளம். நின்ற நிலையில் 3 மில்லிமீற்றருக்கு மேல் அகலமானதைத்தான் வெரிகோஸ் என்கிறோம். ஒரு மில்லிமீற்றரும் இல்லாத சிலந்திவலை போன்ற சிவப்பு, நீலக் கோடுகள் தனியே இருந்தால் பெரும்பாலும் அழகுப் பிரச்சினை மட்டுமே.

கால் வீக்கம் எல்லாமே நாளத்தால் வருவதல்ல. இரண்டு கரண்டையும் ஒரே அளவில் வீங்கினால் பிரஷர் மருந்தைப் பாருங்கள். அம்லோடிபின் குடிப்பவர்களுக்கு இது சாதாரணம். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். இருதயம், சிறுநீரகம், ஈரல் வருத்தங்களும் இரண்டு காலையும் வீங்க வைக்கும். பாதத்தின் மேற்புறம் வீங்கி, இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தின் மேற்புறத் தோலைக் கிள்ளித் தூக்க முடியாவிட்டால் அது நிணநீர் வீக்கம்.

ஒரு கால் மட்டும் ஓரிரு நாளில் வீங்கி, கெண்டை வலித்தால் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் தட்டுப்படும் மேட்டில் இருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இரண்டு காலையும் அளவுநாடாவால் அளவுங்கள். 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகம் வலுவானது. வித்தியாசம் குறைவாக இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எண்ணெய் போட்டு உருவக் கூடாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால் 1990 சுவசெரியவை அழையுங்கள். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்த பிறகு, பிரசவத்துக்குப் பிறகு, சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் ஒற்றைக்கால் வீக்கத்தை ஒருபோதும் சாதாரணமாக எடுக்காதீர்கள்.

இறுக்கமான ஸ்டொக்கிங்தான் அடிப்படை வைத்தியம். ஆனால் அதை வாங்கு முன் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: பாதத்தின் மேலே பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக ஓரிடம், உள்கரண்டைக்குப் பின்னால் ஓரிடம். துடிப்பு பிடிபடாவிட்டால், பாதம் குளிர்ந்திருந்தால், சலரோகமோ புகைப் பழக்கமோ இருந்தால், கரண்டையின் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுத்துப் பார்க்காமல் இறுக்கம் போடக் கூடாது. கையில் 150, கரண்டையில் 120 என்றால் 0.8. அதற்குக் கீழே போனால் டொக்டரின் மேற்பார்வை வேண்டும், 0.5 க்குக் கீழே இறுக்கமே கூடாது, விரல்கள் அழுகிவிடும். சலரோகத்தில் நாடி கல்லாக இறுகி, இந்தக் கணக்கு பொய்யாகக் கூடிக் காட்டுவதும் உண்டு.

ஸ்டொக்கிங்குக்கு அளவு எடுப்பது காலையில், வீக்கம் ஏறுமுன். கரண்டைக்கு மேலே மிக ஒடுங்கிய இடம், கெண்டையின் மிகப் பெருத்த இடம், குதியில் இருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம் ஆகிய மூன்றும் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் வரை போதும். பெட்டியில் 20-30 mmHg என்று அழுத்தம் போட்டிருப்பதை வழக்கமாகக் கொடுப்பார்கள். எங்கள் வெக்கைக்கு விரல் திறந்த வகை நல்லது. போடும்போது குதி வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, றப்பர் கையுறையோடு உள்ளங்கையால் தடவித் தடவி மேலேற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிழியும். மிஞ்சுகிறது என்று மேலே மடித்து விடுவதுதான் மிகப் பெரிய பிழை: அந்த இடத்தில் இறுக்கம் இரட்டிப்பாகி, கயிறு கட்டியது போல் இரத்தம் திரும்புவதைத் தடுக்கும். இரவில் கழற்றுங்கள். கையால் கழுவி நிழலில் காயப் போடுங்கள். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், புதிது வேண்டும்.

கூடவே, படுத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி நாளுக்கு மூன்று நான்கு தரம் அரை மணித்தியாலம். நடந்தால் கெண்டைத் தசையே இரத்தத்தை மேலே தள்ளும். டயோஸ்மின் போன்ற குளிசைகள் கால் கனப்பதைக் குறைக்கலாம், புடைப்பைக் கரைக்காது.

புடைத்த நாளம் வெடித்தால் இரத்தம் பீறிடும். கதிரையில் இருக்க விடாமல் உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் தூக்கிப் பார்க்காதீர்கள். தொடையில் துணியால் இறுக்கிக் கட்டுவது இரத்தப்போக்கைக் கூட்டும்.

கரண்டைக்கு மேலே புண் வந்தவர் அது ஆறும்வரை வயல் சேற்றில் இறங்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒட்டாத டிரெஸ்ஸிங் போட்டு, அதன்மேல் இறுக்கமான பண்டேஜ். ஆற்றுவது இறுக்கம்தான், பவுடர் அல்ல. நியோமைசின் கலந்த களிம்பும் பவுடரும் இந்தத் தோலில் அடிக்கடி ஒவ்வாமை கிளப்பும். பச்சிலை அரைத்துக் கட்டுவதையும் விடுங்கள். காய்ச்சலோ பரவும் சிவப்போ இல்லாமல் அன்டிபயோட்டிக் தேவையில்லை.

தோல் மாறியிருந்தால், புண் இருந்தால், இரத்தம் வடிந்திருந்தால், நாளம் சிவந்து கயிறாக இறுகி வலித்தால் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு எழுதி வாங்குங்கள். மட்டக்களப்பு போதனா, அம்பாறை, கல்முனை என எந்த அரச வைத்தியசாலையில் தொடங்கினாலும் கட்டணம் இல்லை. ஆழ்நாளத்தில் உறைவு உண்டா என்று மட்டும் படுக்க வைத்துப் பார்த்த ஸ்கான் இதற்குப் போதாது. நிற்க வைத்து, கெண்டையை அமுக்கி விட்டு, இரத்தம் அரை செக்கனுக்கு மேல் பின்னோக்கி ஓடுகிறதா என்று பார்க்கும் டூப்ளெக்ஸ் ஸ்கான் வேண்டும். மேல்நாளம் ஆழ்நாளத்தோடு சேரும் எந்தச் சந்தியில் ஒழுகுகிறது, ஆழ்நாளம் திறந்திருக்கிறதா என்பதை அந்த றிப்போட் சொல்ல வேண்டும்.

பழுதான நாளத்தை லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால் உள்ளிருந்து மூடுவது இன்று முதல் தெரிவு. சுற்றிலும் மரத்துப்போகும் ஊசி போட்டு, அன்றைக்கே நடக்க வைப்பார்கள். அடுத்தது நாளத்துக்குள் நுரை மருந்தை ஏற்றி மூடும் நுரை ஊசி: மலிவு, ஆனால் தோலில் பழுப்புக் கோடு மாதக்கணக்கில் நிற்கலாம். இவை கிடைக்காத இடத்தில் கவட்டில் வெட்டி நாளத்தை உருவி எடுப்பதும் நல்ல வைத்தியமே. முழங்காலுக்குக் கீழேயும் உருவினால், நாளத்தோடு சேர்ந்து ஓடும் நரம்பு காயப்பட்டு உள்கரண்டை மரத்துப்போகலாம் என்பதால் முழங்காலோடு நிறுத்துவார்கள். புண் ஆறிய பிறகுதான் நாளத்தை மூட வேண்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம். 2018 இல் வெளியான ஈவ்ரா என்ற பிரித்தானிய ஆய்வில், இறுக்கத்தோடு உடனே நாளத்தையும் மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. பிந்தி மூடியவர்களில் அதற்கு 82 நாள் சென்றது.

கர்ப்ப காலத்தில் இவை எதுவும் வேண்டாம், ஸ்டொக்கிங் மட்டும். பிரசவத்துக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் புடைப்பு பெரும்பாலும் தானாகக் குறையும். மிஞ்சியதை அதற்குப் பிறகு ஸ்கான் செய்து பார்க்கலாம்.