மும்பையில் இருந்துகொண்டு பவளப்பாறைக்கு என்ன செய்யலாம்?

தூத்துக்குடி பக்கம் எங்கள் தாத்தா வீட்டுப் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தைத் தடவினால், தேன்கூடு மாதிரி சின்னச் சின்னப் பூக்கள் விரலில் தட்டுப்படும். கொத்தனார் செய்த வேலைப்பாடு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது பவளக்கல் என்று தெரிந்ததே தாராவிக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான். அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவில் வெட்டி எடுத்து வந்து வீடு கட்டினார்கள், சுண்ணாம்புக்கும் சுட்டார்கள். அங்கே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். அதனால் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை, கேட்டால் சுவரே சாட்சி சொல்லும்.

"பம்பாயில் ஏது பவளம், அதற்கு அந்தமான் போகணும்" என்பான் என் மச்சான். இங்கேயே இருக்கிறது. கடற்கரைச் சாலை போட்டபோது ஹாஜி அலி, வொர்லி பாறைகளில் இருந்த பவளக் கூட்டங்களை 2020இல் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள். படத்தில் வருகிற மாதிரி கலர் கலராக இருக்காது. பழுப்பாக, உள்ளங்கை அளவில், பாசி பிடித்த கல் என்று தாண்டிப் போகிற மாதிரி இருக்கும். ஆனால் உயிருள்ளது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஏசி. பவளத்தைப் பற்றிப் பேச வந்து ஏசி எதற்கு என்றால், பவளத்தை இன்று பெரிய அளவில் கொல்வது சூடுதான். பவளத்தைக் கட்டுகிற சின்ன உயிரான பவளப் பூச்சியின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது, பவளத்துக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு அதன் சமையல்தான். கடல் தண்ணீரின் வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையென்றால் பட்டினிதான். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 இரண்டு தடவையும் இது நடந்தது. 2024இல் லட்சத்தீவும் வெளுத்தது, உலகம் முழுக்க நான்காவது தடவையாகப் பவளம் வெளுக்கிறது என்று அறிவித்ததும் அதே வருஷம்தான். நமக்கு வருகிற கரண்டில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருவது, அதில் கிளம்புகிற கரியமில வாயுதான் கடலையும் சூடாக்குகிறது. ஆகவே ஏசியை 18இல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொண்டு படுக்கிற பழக்கத்தை விடுங்கள். 24இல் வைத்து மேலே மின்விசிறியை ஓட விட்டால் போதும்; ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் கரண்டு ஆறு சதவீதம் வரை மிச்சமாகும் என்பது அரசு சொல்கிற கணக்கு. ஊருக்குப் போகும்போது விமானத்துக்குப் பதில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் பிடித்தால் அதுவும் சேர்த்திதான், புளிசாதம் கட்டிக்கொண்டு போகிற சுகம் தனி.

அடுத்தது சாக்கடை. வீட்டுக் கழிவுநீரில் ஒரு பகுதி வொர்லியிலும் பாந்த்ராவிலும் குழாய் வழியாகக் கடலுக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போய் விழுகிறது. தெருவில் ஓடும் மழைநீர் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நாலா என்கிற திறந்த கால்வாய் வழியாக மித்தி ஆற்றுக்கும் மாஹிம் முகத்துவாரத்துக்கும் போய்விடும். சோப்புத்தூளில் இருக்கிற பாஸ்பேட் பாசிக்கு உரம். வெளியே வளரும் அந்தப் பாசி பவளத்தை மூடிவிடும், உள்ளே குடியிருக்கும் பாசி வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் மெஷினுக்கு ஒரு கரண்டி கூட்டிப் போட்டால்தான் துணி வெளுக்கும் என்று அம்மா நம்புவார். பாஸ்பேட் இல்லாத தூளாக மாற்றி, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவில் பாதியை நான் போட்டு வருகிறேன், இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மழை வருவதற்கு முன்பு, மே மாதத்தில், உங்கள் சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு) பக்கத்துக் கால்வாயிலிருந்து பால் பாக்கெட், ஷாம்பு சாஷே இதையெல்லாம் அள்ளி எடுப்பது, ஜூலையில் கடற்கரையில் பொறுக்குவதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். ஆசிய பசிபிக் பாறைகளில் பார்த்து 2018இல் வெளிவந்த ஆய்வில், பிளாஸ்டிக் ஒட்டாத பவளத்துக்கு நோய் வர 4 சதவீத வாய்ப்பு என்றால், பிளாஸ்டிக் சிக்கிய பவளத்துக்கு 89 சதவீதம் என்று கண்டார்கள்.

தெற்கு மகாராஷ்டிரக் கடற்கரையில் மால்வண், தார்க்கர்லி பக்கம் கடலுக்குள் மூழ்கிப் பார்க்க ஸ்கூபா, ஸ்நார்க்கலிங் என்று கிளம்புகிறவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே நான் செய்த அசிங்கம் ஒன்று. போட்டோவுக்கு நேராக நிற்கணும் என்று கூட்டிப் போனவர் சைகை காட்ட, காலடியில் இருந்ததன் மேல் ஏறி நின்றேன். மொறுமொறுவென்று ஏதோ உடைகிற மாதிரி பாதத்தில் உணர்ந்தேன், அப்பளம் நொறுங்குகிற மாதிரி. அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: நங்கூரம் பாறை மேல் விழுமா, மிதவையில் கட்டுவீர்களா? மீனை வரவழைக்கப் பிரெட் போடுவீர்களா? போடுவோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பாறை மேல் படர்கிற பாசியை மேய்வதுதான் பல மீன்களுக்கு வேலை, அதைப் பிரெட் தின்ன வைத்தால் நஷ்டம் பாறைக்கு. நீச்சல் சரியாக வராது என்றால் மிதவைச் சட்டையோடு மேலேயே மிதந்து பாருங்கள், எதையும் பிடிக்காதீர்கள்.

சன்ஸ்கிரீனைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள். பவளத்தைக் கெடுக்கும் என்று சொல்லப்படுகிற ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் என்ற ரசாயனங்களில் எது இருந்தாலும், அந்த சன்ஸ்கிரீனை ஹவாயில் 2021இலிருந்து மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, உண்மைதான். ஆனால் 18இல் ஏசி போட்டுவிட்டு டியூபை மட்டும் மாற்றுவது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. முழுக்கைச் சட்டை போட்டு இறங்கினால் பாதிப் பிரச்சினை முடிந்தது, முகத்துக்கு மட்டும் துத்தநாகம் உள்ளதாகப் பார்த்துத் தடவிக்கொள்ளுங்கள்.

மீன் வாங்கும்போது, கிளி மூக்கு மாதிரி வாயும் பச்சை நீல நிறமும் உள்ள மீனைத் தட்டில் பார்த்தால் விட்டுவிடுங்கள். பாறையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதே அதுதான். (கேரளக் கடைகளில் கிளிமீன் என்று கிடைக்கும் சிவப்பு மீன் வேறு, அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.) முழங்கை நீளம்கூட இல்லாத சுர்மைக் குஞ்சை (நம் ஊர் வஞ்சிரம்) மீன்கார மாவுஷி மலிவாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். கேட்கிறவர்கள் குறைந்தால் கொண்டு வருவதும் குறையும்.

அப்புறம் மோதிரம். செவ்வாய்க்குப் பவழம் போடச் சொல்லி ஜோசியர் எழுதிக் கொடுத்தால், புதிதாக வாங்காமல் பாட்டியின் பழைய கல்லைத் தேடிப் பாருங்கள். நகைக்கடைச் சிவப்புப் பவழத்தில் பேர்போனது மத்தியதரைக் கடலிலிருந்து வருவது, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காது. ராமேஸ்வரம் போனால் வெள்ளையாக, கிளை கிளையாகப் பவளம் என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். 2001இலிருந்து பாறை கட்டுகிற பவளங்கள் புலி, யானையோடு சேர்ந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஷோகேஸில் வைத்த சித்தப்பாவுக்கு இது தெரியாது, சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, நிஜப் பவளத்தை ஒரு தடவையாவது பார்க்காமல் இருந்தால் எப்படி? மும்பையின் கரைகளில் வற்று நேரத்தில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிற மரைன் லைஃப் ஆஃப் மும்பை குழு 2017இலிருந்து நடக்கிறது. அவர்களோடு போவது நல்லது, தனியாகப் போனால் எது கல், எது உயிர் என்று நமக்குத் தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும். மராத்திக்காரர்கள் ஓஹோட்டி என்பார்கள், நேரத்தை அலை அட்டவணையில் பார்த்துவிட்டு அதற்கு முக்கால் மணி முன்பே இறங்குங்கள், தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் ஏறிவிடுங்கள். பிடிப்புள்ள பழைய ஷூ போடுங்கள், ஹவாய் செருப்பு வழுக்கும். பாறை மேல் பொத்தான் பொத்தானாக ஒட்டியிருப்பதை மிதிக்காமல் மணலில் கால் வையுங்கள். எந்தக் கல்லையாவது புரட்டினால், புரட்டிய மாதிரியே திருப்பி வைத்துவிட்டு நகருங்கள்.