ஊட்டியில எடுத்த ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டை எப்படி பாக்கறது

எங்க சித்திக்கு ஊட்டிப் பக்கம் எஸ்டேட்ல இலை பறிக்கற வேலை, ஒரு மாசமா மேடு ஏறினாலே மூச்சு வாங்குது, பாதி வழியில உக்காந்துடறாங்க. டெஸ்ட் எடுத்தா ஹெச்பி, அதான் ஹீமோகுளோபின், 12.4, ரிப்போர்ட் ஓரத்துல 12லிருந்து 15னு போட்டிருக்கு, நார்மல்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கு மனசே ஆறல.

பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13, கர்ப்பிணிகளுக்கு மாசத்தைப் பொறுத்து 11 இல்ல 10.5, இதுக்குக் கீழ போனா ரத்தசோகை. ஆனா இந்த நம்பரெல்லாம் கீழ சமவெளியில இருக்கறவங்களுக்கு. மலையில மூச்சுக்குக் கிடைக்கற ஆக்சிஜன் கம்மி, அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுவை அதிகமா உண்டாக்கிக்கும், அதனால இங்கயே வாழறவங்களுக்கு ஹெச்பி கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். அதைக் கழிச்சுட்டுத்தான் பாக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2024ல சொன்ன கணக்கு, 1500லிருந்து 1999 மீட்டர் வரைக்கும் 1.1, அதுக்கு மேல 2499 வரைக்கும் 1.4. குன்னூர் முதல் கணக்குல வரும், ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானலும் 2000க்கு மேல, ரெண்டும் அடுத்த கணக்கு. சித்தியோட 12.4ல 1.4 போனா 11தான்! டாக்டர்கிட்ட போறப்ப எந்த ஊர்ல இருக்கீங்கன்னு மறக்காம சொல்லுங்க.

அடுத்து அதே ரிப்போர்ட்ல எம்சிவின்னு ஒரு வரி இருக்கும், அது சிவப்பணுவோட சைஸ். 80க்குக் கீழன்னா பெரும்பாலும் இரும்புச்சத்து குறைவு, சிலருக்கு தலசீமியாங்கற பரம்பரை ரத்தக் கோளாறு கூட இருக்கலாம், ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தா இரும்பு எவ்வளவு சேமிப்புல இருக்குன்னு தெரியும். சித்திக்கு எம்சிவி 74, ஃபெரிட்டின் 9. பெரியவங்களுக்கு 15க்குக் கீழன்னாலே இரும்பு காலின்னு அர்த்தம்.

நீலகிரியில இன்னொன்னும் பாக்கணும். இருளர், பணியர், குறும்பர் மக்கள்கிட்ட சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரைக் கோளாறு, இருக்குன்னு 1952லயே கண்டுபிடிச்சாங்க, அது வெறும் ஹெச்பி நம்பர்ல தெரியாது, குடும்பத்துல யாருக்காவது இருந்தா ஹீமோகுளோபின் எந்த வகைன்னு பிரிச்சுக் காட்டற ஹெச்பிஎல்சி டெஸ்ட் கேட்டு எடுங்க.

விரல்ல குத்தி எடுத்தா ரொம்பப் பிதுக்க விடாதீங்க, உள்ள இருக்கற நீர் கலந்து நம்பர் மாறிடும், கைநரம்புல எடுக்கறதுதான் நல்லது, வெறும் வயித்தோட போகணும்னும் இல்ல.

அப்புறம் டீ. சாப்பாட்டோட குடிச்சா சாப்பாட்டுல இருக்கற இரும்பு உடம்புல சரியா ஒட்டாது, மாத்திரைக்கும் அதே கதிதான். சித்தி மதிய சோத்தோட பிளாஸ்க்கையும் திறந்து வச்சுக்குவாங்க, இப்ப டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைய எலுமிச்சை ஜூஸோட போட்டுட்டு, டீய ஒரு மணி நேரம் தள்ளித்தான் குடிக்கறாங்க.