முதியோர் மருத்துவச் சங்கம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா மூட்டு வலிக்காக மருத்துவரைப் பார்க்கிறார். வலி மாத்திரை எழுதித் தருகிறார்கள். சில வாரங்களில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. வலி மாத்திரையாலும் அது ஏறலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அழுத்தத்தைக் குறைக்கும் அம்லோடிபின் மாத்திரை சேர்கிறது. அம்லோடிபினால் கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் மாத்திரையால் சிறுநீரை அடக்க முடியாமல் போகிறது. அதற்கும் ஒரு மாத்திரை. அந்தக் கடைசி மாத்திரை மூளையைக் குழப்புகிறது. ஒரு நாள் ராத்திரி எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழுந்து நடந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிகிறது.

இந்த நான்கு மருந்துகளையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருக்கும். சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து கொடுக்கும் இந்தச் சங்கிலியை 1990களிலேயே பவுலா ரோஷானும் ஜெர்ரி குர்விட்ஸும் விளக்கி எழுதிவிட்டார்கள். அப்படியும் தினமும் எங்காவது ஒரு வார்டில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு வட்டாரத்தில் முதியோர் மருத்துவத்துக்கென்று ஒரு சங்கம் இருந்தால், அதன் வேலை இந்தச் சங்கிலியைப் பார்க்கும் கண்ணை அந்த வட்டாரத்தில் முடிந்தவரை நிறைய பேருக்குக் கொடுப்பது. இப்படிப்பட்ட சங்க வேலைகளில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில், அந்த வேலை எங்கெங்கே தடம் மாறுகிறது என்று சொல்கிறேன். இவற்றில் பாதிக்கு மேல் நானும் உடன் இருந்து செய்த தவறுகள்.

மருத்துவர்களுக்கு மட்டும் என்று கதவைச் சாத்துவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். சங்கம் தொடங்கும்போதே உறுப்பினர் தகுதி என்ற இடத்தில் மருத்துவப் பட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், உணவியல் நிபுணர், சமூகப் பணியாளர் எல்லோரும் விருந்தினர்களாகிவிடுகிறார்கள்.

இந்தத் துறை பிறந்த கதையே இதற்கு நேர் எதிரானது. 1935-இல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம், பக்கத்தில் இருந்த ஏழையர் விடுதியின் நோயாளிகள் 700-க்கும் மேற்பட்டவர்கள் ஒப்படைக்கப்பட்டார்கள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வருடக்கணக்கில் படுக்கையிலேயே விடப்பட்டவர்கள் அவர்களில் பலர். வாரன் ஒவ்வொருவரையும் முறையாகப் பரிசோதித்தார், வகைப்படுத்தினார். வார்டுக்கு நல்ல வெளிச்சம், பிடித்து நடக்கக் கைப்பிடி, சரியான நாற்காலி என்று சூழலை மாற்றினார். நர்ஸ்களையும் சிகிச்சையாளர்களையும் சேர்த்துக்கொண்டு அவர்களை எழுப்பி நடக்க வைத்தார். நிறைய பேர் வீடு திரும்பினார்கள். இன்றைக்கு பிரிட்டிஷ் ஜெரியாட்ரிக்ஸ் சொசைட்டி என்று அறியப்படும் அமைப்பு 1947-இல் தொடங்கியபோது அதை உருவாக்கியவர்களில் வாரனும் ஒருவர்.

அந்த அனுபவத்தின் வாரிசுதான் நாம் இன்று விரிவான முதியோர் மதிப்பீடு என்று சொல்வது. உடல்நிலை, மனநிலை, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன், வீட்டுச் சூழல் நான்கையும் ஒரு குழுவாகச் சேர்ந்து பார்த்துத் திட்டம் போடுவது. மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்கு இப்படிச் செய்தால், பிறகு அவர்கள் உயிரோடு தங்கள் வீட்டில் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று, 29 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான காக்ரேன் அலசல் காட்டியது. அந்தக் குழுவில் மருத்துவர் ஒரு ஆள், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம் டெலிரியம், அதாவது உடல் நோயின் நடுவே திடீரென்று வரும் மனக்குழப்பம். ஷரோன் இனோயியின் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. தடுப்புத் திட்டத்தில் இருந்தவர்களில் 9.9 சதவீதம். என்ன செய்தார்கள்? இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று பேசினார்கள். கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கைக்கு எட்டும்படி வைத்தார்கள். தண்ணீர் குடிக்க வைத்தார்கள், நடக்க வைத்தார்கள், தூக்க மாத்திரை இல்லாமல் தூங்க வழி செய்தார்கள். இதில் நிறைய வேலையைப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் செய்தார்கள். இந்தப் பாடத்தை மருத்துவர்கள் மட்டும் கூடிய அரங்கில் நடத்தினால் அது போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேராது. உறுப்பினர் விதியைத் திருத்துங்கள். நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு ஓட்டுரிமையோடு இடம் கொடுங்கள்.

உறுப்பு உறுப்பாகப் பாடம் நடத்துவது

வருடாந்திர மாநாட்டு நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். முதியோரும் இதயமும். முதியோரும் சர்க்கரையும். முதியோரும் சிறுநீரகமும். இப்படி அமைவதற்குக் காரணம் எளிது: ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு நிபுணரை அழைத்தால் நிரல் நிரம்பிவிடும். ஆனால் முதியவர் ஒரே நேரத்தில் எல்லா உறுப்புகளோடும்தான் வந்து நிற்கிறார்.

சிந்தியா பாய்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஐந்து நாள்பட்ட நோய்கள் உள்ள 79 வயதுப் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்து, ஒவ்வொரு நோய்க்கும் உள்ள வழிகாட்டுதலை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். 12 மருந்துகள் வந்தன. அவற்றில் சில, இன்னொரு நோய்க்கான அறிவுரையோடு மோதின. உறுப்பு வாரியாக நடக்கும் நம் மாநாடுகள் இந்தப் பன்னிரண்டை உருவாக்கத்தான் சொல்லிக் கொடுக்கின்றன.

அசைவற்றுப் போதல், தடுமாறி விழுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு இழத்தல், அறிவாற்றல் குறைதல் ஆகிய நான்கையும் முதியோர் மருத்துவத்தின் பூதங்கள் என்று பெர்னார்ட் ஐசக்ஸ் சொன்னார். குடும்பங்கள் உண்மையில் அஞ்சுவது இவற்றைத்தான். நிரலை இவற்றைச் சுற்றி அமைத்துப் பாருங்கள். 'கீழே விழுந்தவர்' என்று ஒரு அமர்வு வைத்தால் இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் மருந்தாளுநரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒரே மேடையில் பேசியாக வேண்டும். அங்கேதான் முதலில் சொன்ன அந்த அம்மாவின் சங்கிலி கண்ணுக்குத் தெரியும்.

மருந்துக் கம்பெனிப் பணத்தில் மருந்தைக் குறைக்கச் சொல்வது

இதை எழுதக் கொஞ்சம் தயக்கம்தான், ஏனென்றால் பணம் இல்லாமல் சங்கம் நடக்காது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்தத் துறை கற்றுத்தரும் முக்கியமான திறமைகளில் ஒன்று, தேவையற்ற மருந்தை நிதானமாகக் குறைத்து நிறுத்துவது. அந்த வகுப்புக்கு மருந்து விற்பவர் பணம் கொடுக்கும்போது, தலைப்பு மெல்ல மாறுகிறது. எப்படிக் குறைப்பது என்பது போய், புது மருந்து யாருக்குப் பொருந்தும் என்பது வருகிறது. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பேச்சாளரின் பெயரை அவர்கள் யோசனை சொல்கிறார்கள், நாம் மறுக்கக் கூச்சப்படுகிறோம், அவ்வளவே.

ஒரு முறை நாங்கள் தூக்க மாத்திரைகளைக் குறைப்பது பற்றி ஒரு அமர்வு வைத்திருந்தோம். நிதி கொடுத்தவரின் வேண்டுகோளில் அது கடைசி நேரத்தில் அரை மணியிலிருந்து பத்து நிமிடமானது. நான் எழுந்து பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

உறுப்பினர் கட்டணத்தில் நடக்கும் சிறிய கூட்டங்கள் நல்லவை. வெளிப் பணம் வாங்கினால் தலைப்பையும் பேச்சாளரையும் முடிவு செய்யும் குழுவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதே தெரியக்கூடாது. பேச்சாளர்கள் தங்கள் பணத் தொடர்புகளை முதல் ஸ்லைடிலேயே சொல்ல வேண்டும்.

பட்டியலைச் சட்டமாக்குவது

மார்க் பீர்ஸ் 1991-இல் முதியோருக்குப் பொருந்தாத மருந்துகளின் பட்டியலை வெளியிட்டார். அமெரிக்க ஜெரியாட்ரிக்ஸ் சொசைட்டி அதைத் தொடர்ந்து புதுப்பித்து வருகிறது. 2023-இலும் ஒரு பதிப்பு வந்தது. அயர்லாந்தில் உருவாகி 2008-இல் வெளிவந்த ஸ்டாப்–ஸ்டார்ட் இன்னொன்று; தவிர்க்க வேண்டிய மருந்துகள் ஒரு பாதி, தொடங்க வேண்டியவை மறு பாதி. இரண்டும் அருமையான கருவிகள். ஆனால் சங்கங்கள் இவற்றை ஒரு பக்க அட்டையாக அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அட்டையைப் பார்த்த இளம் மருத்துவர், பதினைந்து வருடமாகத் தூக்க மாத்திரை சாப்பிட்டவருக்கு அதை ஒரே நாளில் நிறுத்துகிறார். நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்பு கூட வரும். படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது அட்டையில் இடம் பிடிக்கவில்லை.

ஸ்டார்ட் என்ற பாதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்பது தனிக் கவலை. வயதைக் காரணம் காட்டி விட்டுப்போன, கொடுத்திருக்க வேண்டிய மருந்துகளை நினைவூட்டுவது அது. எலும்பு முறிந்த பிறகும் எலும்புச் சிதைவுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமல் வீடு திரும்பும் முதியவர்களை நினைத்துப் பாருங்கள்.

முதியவர் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்று எண் போடும் நலிவு அளவுகோலுக்கும் இதே கதி. ராக்வுட்டின் ஒன்பது படி அளவுகோலில், கடும் நோயோடு வந்தவரை இன்று படுத்திருக்கும் நிலையை வைத்து மதிப்பிடக்கூடாது. இரண்டு வாரத்துக்கு முன் எப்படி இருந்தார் என்று கேட்டு எண் போட வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் அளவுகோலின் படத்தை மட்டும் பரப்பினால், போன மாதம் வரை தன் வேலையைத் தானே செய்துவந்தவர் நலிந்தவர் என்று எழுதப்படுவார், சில சிகிச்சைகள் அவருக்கு மறுக்கப்படும். பட்டியல் கொடுத்தால் கூடவே மூன்று நோயாளிகளின் கதையும் கொடுத்து, கலந்து பேச வையுங்கள்.

தலைகளை எண்ணுவது

ஆண்டறிக்கையில் எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள் என்று இருக்கும். வந்தவர்கள் திரும்பிப் போய் என்ன மாற்றினார்கள் என்று இருக்காது. உட்கார்ந்து கேட்கும் சொற்பொழிவு மட்டும் மருத்துவர்களின் நடைமுறையை மாற்றுவதில்லை, பங்கேற்றுப் பழகும் வகுப்புகள் மாற்றுகின்றன என்று 1999-இல் டேவ் டேவிஸ் குழுவினரின் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. நாம் இன்னும் சொற்பொழிவுகளையே அடுக்குகிறோம்.

சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்ப்பது ஒரு நல்ல தொடக்கம். ஐந்து நிமிடம் படுக்க வைத்துப் பார்த்து, எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது விழுவதற்கான எச்சரிக்கை. பெரிய செலவு கிடையாது. கூட்டத்திலேயே ஒவ்வொருவரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து, விழுந்து சேர்க்கப்பட்ட கடைசி இருபது பேரில் எத்தனை பேருக்கு இது பார்க்கப்பட்டது என்று ஒவ்வொரு வார்டையும் கேளுங்கள். அந்த எண்ணை ஆண்டறிக்கையில் போடுங்கள்.

தூரத்தில் தனியாக வேலை செய்பவர்களுக்கு வேறு வழி வேண்டும். 2003-இல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ திட்டம் ஒரு நல்ல மாதிரி. கல்லீரல் அழற்சி சி வகைக்காகத் தொடங்கியது அது. கிராமப்புற மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளை வீடியோ வழியாக ஒரு நிபுணர் குழுவிடம் எடுத்துச் சொல்லி, கலந்து பேசி, சிகிச்சையைத் தாங்களே தொடர்ந்தார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையான பலன் கிடைத்தது. நமக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு நோயாளிகள் போதும். வட்டாரச் சங்கத்துக்கு இது கைக்கு எட்டக்கூடிய வேலை.

இன்னும் சில

மாணவர்களை இந்தத் துறைக்கு இழுக்க நினைக்கும் சங்கங்கள் அவர்களை நேராக, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வார்டுக்கு அழைத்துப் போகின்றன. அவர்கள் மனதில் முதுமை என்றால் அதுதான் என்று பதிந்துவிடுகிறது. நன்றாக இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்களோடு முதலில் பழகட்டும். அப்புறம் வார்டுக்குப் போனால், இந்த மனிதர் எந்த நிலையிலிருந்து இங்கே வந்தார், எங்கே திரும்ப வேண்டும் என்ற கேள்வி தானாக எழும்.

சங்கம் ஒருவரை நம்பியே நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் சங்கமும் ஓய்ந்துவிடும். பதவிக்காலத்துக்கு வரம்பு வையுங்கள், கணக்கையும் கூட்டக் குறிப்பையும் இருவர் பார்க்கும்படி வையுங்கள்.

பேச்சில் கவனம் தேவை. "வயசானா அப்படித்தான்" என்ற வார்த்தை நம் மேடையிலேயே வருகிறது. சிறுநீர் அடங்காதது வயதால் மட்டும் வருவதில்லை, மறதியும் அப்படித்தான். வயதை வைத்து மனிதரைத் தள்ளிவைக்கும் இந்தப் போக்குக்கு அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இலேயே ஏஜிசம் என்று ஒரு பெயர் கொடுத்தார். நோயாளியின் எதிரிலேயே மகனிடம் "சாப்பிடுகிறாரா?" என்று கேட்பதும் இதன் ஒரு முகம்தான்.

கடைசியாக, நிர்வாகக் குழுவில் ஒரு முதியவரையாவது சேர்க்காமல் இருப்பது. எங்கள் கூட்டம் ஒன்றுக்கு, மனைவியை ஆறு வருடம் மறதி நோயோடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவரைப் பேச அழைத்தோம். அரங்கம் இரண்டாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் இல்லை. இருவர் தாங்கிப் பிடித்து ஏற்றிவந்தோம். மேடை நாற்காலிக்குக் கைப்பிடி இல்லாததால் பேசி முடித்ததும் அவரால் எழ முடியவில்லை. அதற்கு அடுத்த கூட்டத்துக்கான இடத்தை அவரைத்தான் தேர்வு செய்யச் சொன்னோம். தரைத்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில், எதிரொலி இல்லாத ஒரு சின்ன அறையைக் காட்டினார்.